யூரின் டெஸ்ட்டில் புரதம்... பூனைக்கு மீனை நிறுத்தணுமா?

நாலு வயதுக் கடுவன் பூனை. இரண்டு நாள்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ரத்தமும் யூரினும் எடுத்துப் பார்க்கிறார் மருத்துவர். "வயிறு கொஞ்சம் கெட்டிருக்கு, அவ்வளவுதான். யூரினை மட்டும் இன்னொரு தடவை பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவைக்கிறார். வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டைப் பிரித்தால் ஒரு வரி கண்ணில் படுகிறது: 'புரோட்டீன், இரண்டு பிளஸ்.'

அங்கேதான் ஆரம்பிக்கிறது. "நான் அப்பவே சொன்னேன்ல, தினமும் மீனும் சிக்கனுமா போட்டா கிட்னி என்னத்துக்கு ஆகும்?" என்கிறார் பாட்டி. "வீடு இப்படி நாறுறதும் அதனாலதான். நாளையிலேர்ந்து தயிர் சாதம் போடுங்க, எல்லாம் சரியாகிடும்." பாட்டி சொல்வதில் நியாயம் இருப்பதுபோலவே எல்லோருக்கும் தோன்றுகிறது. புரதம் தின்றது, புரதம் வெளியே வருகிறது. கணக்கு சரிதானே?

பூனை வளர்க்கும் வீடுகளுக்கு இது புதிய பேச்சு அல்ல. ஆனால், பூனை விஷயத்தில் இந்தக் கணக்கு சரியில்லை. ஆரோக்கியமான பூனையின் சிறுநீரிலேயே புரதம் இருக்கும். அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து நேராக ஒழுகி வருவதில்லை. சிறுநீரகமே தயாரித்து அனுப்புவது. அப்படியானால் சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. எப்படி என்று தெரிந்துகொண்டால், மீனை நிறுத்துவதா வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

மனிதருக்கு ஒரு கணக்கு, பூனைக்கு வேறு கணக்கு

மனிதர்களின் சிறுநீரில் புரதம் மிகக் குறைவு. ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாளில் வெளியேறுவது 150 மில்லிகிராமுக்குள்தான் இருக்கும். சிறுநீரகத்தில் இருக்கும் வடிகட்டி, ரத்தத்தில் உள்ள ஆல்புமின் போன்ற பெரிய புரதங்களைத் தடுத்து நிறுத்திவிடும். வடிகட்டி பழுதானால் அவை ஒழுக ஆரம்பிக்கும். அதனால்தான், சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் 'யூரின்ல புரோட்டீன் போகுதா, பார்த்துட்டு வாங்க' என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நம் வீடுகளில் 'யூரினில் புரதம்' என்றாலே வயிற்றைக் கலக்குவதும் இந்தப் பழக்கத்தால்தான்.

பூனையின் கதை வேறு. கருத்தடை செய்யாத, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் கடுவனின் சிறுநீரை ஸ்ட்ரிப்பில் தொட்டுப் பார்த்தாலே பல நேரம் பிளஸ் காட்டும். 'எல்லா டெஸ்ட்டும் நார்மல், புரதம் மட்டும் அதிகம்' என்ற இந்த விசித்திரத்துக்கு விடை கிடைத்த இடம் ஜப்பான்.

காக்சின் என்கிற புதுமுகம்

ஜப்பானின் வடகிழக்கில் மொரியோகா நகரில் இருக்கிறது இவாதே பல்கலைக்கழகம். அங்கே மசாவோ மியாசாகி, டெட்சுரோ யமஷிடா ஆகியோர் அடங்கிய குழு, பூனையின் சிறுநீரில் இருக்கும் புரதங்களைப் பிரித்துப் பார்த்தது. ஒரே ஒரு புரதம் மற்றவற்றையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு நின்றது. வளர்ந்த பூனையின் சிறுநீரில் உள்ள மொத்தப் புரதத்தில் சுமார் 90 சதவிகிதம் அதுதான். 2003-ல் அதைப் பற்றி விரிவான ஆய்வுக்கட்டுரை வெளியிட்ட குழு, அதற்கு 'காக்சின்' என்று பெயர் வைத்தது. 'சிறுநீரில் வெளியேறும், கார்பாக்சில் எஸ்டரேஸ் போன்ற புரதம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரின் சுருக்கம் அது.

காக்சின் ரத்தத்திலிருந்து ஒழுகி வருவதில்லை. சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களே அதைத் தயாரித்து, சிறுநீரில் கலந்து விடுகின்றன. வாயில் எச்சில் சுரப்பதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே, காக்சின் இருப்பது வடிகட்டி ஓட்டை என்பதற்கு அடையாளம் அல்ல. இன்னும் சொல்லப்போனால், நாள்பட்ட நோயால் நுண்குழாய்கள் சேதமடைந்த பூனைகளிடம் காக்சின் குறைந்துபோவதையும் இதே குழு பின்னர் கண்டது.

குட்டிகளின் சிறுநீரில் இது கிட்டத்தட்ட இருக்காது. மூன்று மாத வயதுக்குப் பிறகுதான் எட்டிப்பார்க்கும். வளர வளரக் கூடும். கருத்தடை செய்யாத கடுவன்களிடம் அதிகம். கருத்தடை செய்த கடுவன்களிடமும் பெட்டைகளிடமும் குறைவு. காக்சின் எவ்வளவு சுரக்கும் என்பதை முக்கியமாக முடிவு செய்வது வயதும் பாலினமும் ஹார்மோனும்தான். பிளேட்டில் என்ன விழுகிறது என்பது அதற்குப் பிறகு வரும் கதை.

அந்த வாடை எங்கிருந்து வருகிறது?

சரி, சிறுநீரகம் இவ்வளவு மெனக்கெட்டு ஒரு புரதத்தைத் தயாரித்து ஏன் வெளியே கொட்டுகிறது? அமினோ அமிலங்களைச் சேர்த்து ஒரு புரதம் செய்வது உடம்புக்குச் செலவு பிடித்த வேலை. அதைச் சும்மா கொட்டுமா?

விடை, பூனை வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்த வாடையில் இருக்கிறது. 1950-களின் தொடக்கத்திலேயே பூனைச் சிறுநீரில் கந்தகம் உள்ள ஓர் அமினோ அமிலத்தை ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். பூனைக் குடும்பத்தின் பெயரையே வைத்து அதை 'ஃபெலினின்' என்று அழைத்தார்கள். அது எப்படி உருவாகிறது என்பது அரை நூற்றாண்டுக்கும் மேல் புதிராக இருந்தது. 2006-ல் இவாதே குழு அந்த முடிச்சை அவிழ்த்தது.

முதலில் பூனையின் உடம்பில் குளுட்டாதையோன் என்ற பொருளோடு ஒரு சின்ன கார்பன் துண்டு ஒட்டிக்கொள்கிறது. அது சிறுநீரகத்துக்கு வந்து, படிப்படியாக வெட்டப்பட்டு ஃபெலினினுக்கு முந்தைய நிலையை அடைகிறது. அங்கே காத்திருக்கிறது காக்சின். கத்தரிக்கோல்போல அதை வெட்டி, ஃபெலினினைப் பிரித்து எடுத்துக் கொடுக்கிறது. ஃபெலினினுக்கு அந்த நேரத்தில் பெரிய வாடை கிடையாது. சிறுநீர் வெளியே வந்து, சுவரிலோ கதவோரத்திலோ காயக் காய, ஃபெலினின் மெல்ல உடைந்து கந்தகம் கொண்ட ஆவியாகும் பொருள்களைக் கொடுக்கிறது. மூக்கைப் பொத்த வைப்பது அவைதான்.

காலையில் பூனை பீய்ச்சிவிட்டுப் போன மூலை, மத்தியானம் இன்னும் மோசமாக நாறுவதற்கு இதுவே காரணம். பூனைக்கு அது ஒரு விசிட்டிங் கார்டு. 'இது என் ஏரியா' என்று மற்ற கடுவன்களுக்கும், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பெட்டைகளுக்கும் எழுதிப் போடும் சேதி. காக்சின் அதிகம் சுரக்கும் கடுவன்களின் சிறுநீர் அதிகம் நாறுவது தற்செயல் அல்ல.

சாப்பாடு உள்ளே நுழையும் இடம்

ஃபெலினின் செய்யக் கந்தகம் வேண்டும். அதைத் தருவது சிஸ்டீன், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள். இரண்டும் இறைச்சி, மீன், முட்டையில் தாராளமாக இருப்பவை. காக்சின் ஒரு சமையல்காரர் என்றால், சாப்பாட்டில் வரும் சிஸ்டீன்தான் மளிகைச் சாமான். சமையல்காரரை வேலைக்கு வைப்பது ஹார்மோன். சாமான் வாங்கிப் போடுவது நாம்.

நியூசிலாந்தின் மாஸி பல்கலைக்கழகம் இதைச் சோதித்துப் பார்த்தது. வௌட்டர் ஹென்ட்ரிக்ஸ் தலைமையிலான ஆய்வாளர்கள், கருத்தடை செய்யாத கடுவன்களின் உணவில் சிஸ்டினைக் கூட்டினார்கள். இரண்டு சிஸ்டீன்கள் கைகோத்து நிற்கும் வடிவம்தான் சிஸ்டின். அதைக் கூட்டியபோது சிறுநீரில் ஃபெலினினும் கூடியது. 2008-ல் இந்த முடிவு வெளியானது. கருத்தடை செய்த பூனைகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்விலும் ஃபெலினின் உயர்ந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். சாப்பாடு, ஹார்மோன் இரண்டுமே வாடையை ஏற்றி இறக்க வல்லவை. காட்டிலும் தெருவிலும் வாழும் கடுவனுக்கு இது ஒரு நேர்மையான விளம்பரமாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நன்றாக வேட்டையாடித் தின்பவனுக்குத்தான் கந்தகத்தை இப்படி வாரி இறைக்க முடியும். வாடை பலமாக இருந்தால், 'இவன் கெட்டிக்கார வேட்டைக்காரன்' என்று அர்த்தம்.

இங்கே பாட்டிக்கு ஒரு மார்க் கொடுக்க வேண்டும். இறைச்சிக்கும் வாடைக்கும் தொடர்பு உண்டு என்று அவர் சொன்னது சரி. ஆனால், அது 'மீன் வாடை' அல்ல. சிக்கன் சாப்பிடும் பூனையின் சிறுநீரும் அப்படித்தான் இருக்கும். மேலும், அந்தச் சிஸ்டீன் வாடைக்கு மட்டும் செலவாவதில்லை. பூனையின் ரோமம் பெரும்பாலும் சிஸ்டீன் நிறைந்த புரதத்தால் ஆனது. செல்களைக் காக்கும் குளுட்டாதையோனுக்கும் அதுவே வேண்டும். வாடையைக் குறைக்கிறேன் என்று சாமானை நிறுத்தினால், இத்தனை அடுப்பும் சேர்ந்து அணையும்.

ஸ்ட்ரிப் எதைப் பார்க்கிறது?

ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஸ்ட்ரிப்பில் இருக்கும் மஞ்சள் கட்டம் புரதம் பட்டால் பச்சையாக மாறும். பச்சை கூடக் கூட பிளஸ் ஏறும். ஆனால், அந்தக் கட்டத்துக்கு 'இது ஆல்புமின், இது காக்சின்' என்று பேதம் பார்க்கத் தெரியாது. ஆரோக்கியமான பூனையிலும் பிளஸ் வருவது இதனால்தான்.

உணவு இன்னும் இரண்டு வழிகளில் இந்த ஸ்ட்ரிப்பைக் குழப்பும்.

ஒன்று, தண்ணீர். எலியின் உடம்பில் சுமார் 70 சதவிகிதம் தண்ணீர். டின்னிலும் பவுச்சிலும் வரும் ஈர உணவில் 75 முதல் 80 சதவிகிதம். பாக்கெட்டில் வரும் உலர் உணவிலோ சுமார் 10 சதவிகிதம்தான். பாலைவனத்துப் பூனைகளின் வாரிசு என்பதால், நம் வீட்டுப் பூனைக்குத் தண்ணீர்க் கிண்ணத்தைத் தேடிப் போகும் பழக்கம் குறைவு. உலர் உணவு மட்டுமே தின்னும் பூனையின் சிறுநீர் கெட்டியாகிவிடும். ஸ்ட்ரிப் காட்டுவது செறிவை மட்டுமே. அதே அளவு புரதம், குறைந்த தண்ணீரில் கரைந்திருந்தால் பிளஸ் கூடும். ஒரே டிகாக்‌ஷனைப் பாதித் தண்ணீர் விட்டுக் கலந்தால் ஸ்ட்ராங்காகத் தெரிவதைப்போல.

இரண்டு, புளிப்பும் காரமும். இறைச்சி தின்னும் பூனையின் சிறுநீர் இயல்பாகவே அமிலத்தன்மையோடு இருக்கும். தானியம் அதிகமானால் அது காரத்தன்மையின் பக்கம் நகரும். சிறுநீர் மிகவும் காரமாக இருந்தால், புரதம் இல்லாமலே ஸ்ட்ரிப்பின் கட்டம் பச்சையாகலாம். ஆக, புரதத்துக்குப் பயந்து சோற்றுக்கு மாற்றிய பூனைக்கு, அடுத்த டெஸ்ட்டிலும் பிளஸ் வர வாய்ப்பு உண்டு!

இந்தக் குழப்பத்துக்கு இவாதே குழு ஒரு சுவாரசியமான தீர்வு கண்டது. நம் அடுக்களையில் இருக்கும் மைசூர் பருப்பில் லெக்டின் என்ற பொருள் உண்டு. அது காக்சினைப் பிடித்துக்கொள்ளும். அந்த லெக்டினை ஒரு சின்னக் குழாய் நுனியில் அடைத்து, பூனையின் சிறுநீரை அதன் வழியே செலுத்தினார்கள். காக்சின் உள்ளேயே சிக்கிக்கொள்ள, மிச்சத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டார்கள். இப்போது பிளஸ் வந்தால், கவலைப்பட வேண்டிய புரதம்தான் அது. 2011-ல் வெளியான ஆய்வு இது. பருப்பை வாங்கி வீட்டில் யாரும் முயல வேண்டாம். ஆய்வகத்தில் பிரித்தெடுத்த லெக்டினில் மட்டுமே நடக்கும் வேலை.

மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யும் அடுத்த கட்டப் பரிசோதனை, புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது. இரண்டும் ஒரே சிறுநீரில் கரைந்திருப்பதால், தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் பெரிதாக மாறாது. 'ஐரிஸ்' என்ற சர்வதேச சிறுநீரக நிபுணர் குழுவின் வரையறைப்படி, பூனைக்கு இந்த விகிதம் 0.2-க்குக் கீழே இருந்தால் பிரச்னை இல்லை. 0.2 முதல் 0.4 வரை எல்லைக்கோடு. 0.4-ஐத் தாண்டினால் புரதம் ஒழுகுகிறது என்று பொருள். அதையும் ஒரே டெஸ்ட்டில் முடிவு செய்வதில்லை. கிருமித்தொற்றோ ரத்தக்கசிவோ இல்லை என்று உறுதி செய்த பிறகு, குறைந்தது இரண்டு வார காலத்தில் எடுத்த இரண்டு சாம்பிள்களையாவது பார்க்க வேண்டும். மருத்துவர் 'இன்னொரு தடவை பார்த்துக்கலாம்' என்று சொன்னது இதற்குத்தான்.

தயிர் சாதம் தீர்வா?

நாயைப்போலப் பூனையும் சோறு தின்று வளரும் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. பல வீடுகளில் பூனை தயிர் சாதத்தை ஆசையாக நக்குவதும் உண்மை. ஆனால், அந்தப் பூனைகள் பெரும்பாலும் வெளியே போய் எலி, பல்லி, ஓணான் என்று மீதியைச் சரிக்கட்டிக்கொள்பவை. ஃபிளாட்டுக்குள் அடைபட்டு வாழும் பூனைக்கு அந்த வசதி கிடையாது.

பூனை கட்டாயமாக இறைச்சி தின்ன வேண்டிய பிராணி. நாமோ நாயோ புரதம் குறைவாகச் சாப்பிட்டால், புரதத்தை எரிக்கும் நொதிகளை உடம்பு குறைத்துக்கொள்ளும். பூனையின் கல்லீரலுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. உள்ளே வருகிறதோ இல்லையோ, எரிப்பது நிற்காது. வராவிட்டால் சொந்தத் தசையை எடுத்து எரிக்கும்.

1978-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்றைக்கும் பேசப்படுகிறது. அர்ஜினின் என்ற ஒரே ஓர் அமினோ அமிலத்தை மட்டும் நீக்கிய உணவைப் பூனைகளுக்கு ஒரு வேளை கொடுத்தார்கள். சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் அம்மோனியா ஏறி, நஞ்சூட்டப்பட்டவைபோலப் பூனைகள் தவித்தன. தயிர் சாதத்தில் அர்ஜினின் அறவே இல்லாமல் இல்லை. ஆனால், பூனையின் உடம்பு எவ்வளவு மெல்லிய கயிற்றில் நடக்கிறது என்பதற்கு இது சான்று.

அடுத்து டாரின். இறைச்சியிலும் மீனிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. தயிரில் மிகச் சொற்பம். பூனையால் தன் தேவைக்குப் போதுமான டாரினைத் தயாரித்துக்கொள்ள முடியாது. நீண்டகாலம் கிடைக்காவிட்டால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும். இதயத் தசை தளர்ந்துபோகும். கடைகளில் விற்ற பூனை உணவுகளிலேயே டாரின் போதாததால் இதய நோய் வந்ததை 1987-ல் கண்டுபிடித்த பிறகுதான், உணவு நிறுவனங்கள் டாரின் அளவை உயர்த்தின.

புரதத்தின் அளவையும் பார்த்துவிடலாம். வளர்ந்த பூனையின் உணவில், தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், குறைந்தது 26 சதவிகிதம் புரதம் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் கால்நடை உணவுத் தர அளவுகோல். பாதிக்குப் பாதி தயிர் விட்டுப் பிசைந்த சாதம்கூட அதில் பாதியை ஒட்டித்தான் நிற்கும்.

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. 'பசிச்சா தானா சாப்பிடும்' என்று தயிர் சாதத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பது. பூனை, அதிலும் குண்டுப் பூனை, சில நாள்கள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே இரண்டு நாள்களாகச் சரியாகச் சாப்பிடாத பூனையிடம் இந்தப் பிடிவாதம் கூடவே கூடாது.

நிஜமாகவே கிட்னி பிரச்னை என்றால்?

வயதான பூனைகளில் நாள்பட்ட சிறுநீரக நோய் சகஜம். அப்போது புரதம் ஒழுகுவது முக்கியமான எச்சரிக்கை. நோயுள்ள பூனைகளில் ஒழுகும் புரதம் அதிகமாக இருந்தால் ஆயுள் குறைவாக இருப்பதாக, லண்டனில் நடந்த ஆய்வு ஒன்று 2006-ல் காட்டியது. ஆகவே, 'பூனைக்குப் புரதம் வருவது சகஜம்தான்' என்று ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது.

அப்படியானால் நோய் வந்த பூனைக்காவது புரதத்தை நிறுத்த வேண்டுமா? இதில் ஆய்வுகளே முதலில் மோதிக்கொண்டன. சிறுநீரகத் திசுவின் பெரும்பகுதி அகற்றப்பட்ட பூனைகளுக்கு அதிகப் புரதமும் அதிகக் கலோரியும் கொடுத்த 1990-களின் ஆய்வில், புரதம் ஒழுகுவது கூடியது. புரதத்தையும் கலோரியையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்த 1998-ம் ஆண்டு ஆய்விலோ, புரதம் மட்டும் சேதத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை.

இப்போது மருத்துவர்கள் முதலில் கட்டுப்படுத்தப் பார்ப்பது பாஸ்பரஸை. சிறுநீரக நோய்க்கென்றே தயாரிக்கப்படும் உணவுகளில் பாஸ்பரஸ் குறைவு. புரதம் அளவோடு, ஆனால் தரமாக இருக்கும். 2000-ம் ஆண்டு லண்டனில் வெளியான ஓர் ஆய்வில், நோயுள்ள 50 பூனைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். இத்தகைய உணவைச் சாப்பிட்ட பூனைகள் நடுத்தரமாக 633 நாள்கள் வாழ்ந்தன. சாப்பிடாதவை 264 நாள்கள். சாப்பிட மறுத்த பூனைகளும், உணவை மாற்ற விரும்பாதவர்களின் பூனைகளும்தான் இரண்டாவது அணி. குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பதால் வித்தியாசம் முழுவதையும் உணவின் கணக்கில் எழுத முடியாது. இருந்தாலும், இரு மடங்குக்கும் மேலான இடைவெளியை அலட்சியப்படுத்தவும் முடியாது.

கவனியுங்கள்... இந்த உணவு தயிர் சாதம் அல்ல. டாரினும் அர்ஜினினும் கணக்குப் பார்த்துச் சேர்த்த, இறைச்சி அடிப்படையிலான உணவு. நோய் உறுதியான பிறகு, மருத்துவர் சொல்லி ஆரம்பிக்க வேண்டியது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* வாடைதான் பிரச்னை என்றால், சாப்பாட்டை மாற்றுவதைவிடக் கருத்தடை ஆபரேஷன் பலன் தரும். காக்சின், ஃபெலினின் இரண்டும் குறையும். மூலைக்கு மூலை பீய்ச்சும் பழக்கமும் பெரும்பாலான கடுவன்களிடம் அடங்கும்.

* பூனை பீய்ச்சிய இடத்தை உடனே கழுவிவிடுங்கள். ஃபெலினின் உடைந்து வாடையாக மாற நேரம் கொடுக்காதீர்கள். மண் பெட்டியைத் தினமும் சுத்தம் செய்யுங்கள்.

* உலர் உணவு மட்டும் போடுபவர்கள், ஒரு வேளையாவது வேகவைத்த மீன் அல்லது சிக்கனை அந்தத் தண்ணீரோடு சேர்த்துக் கொடுக்கலாம். உப்பு, மசாலா வேண்டாம். தண்ணீரை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

* வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு மீனைப் போடாதீர்கள். அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உடைந்த அணுக்களின் ஹீமோகுளோபின் சிறுநீரில் இறங்கி, அதைப் பழுப்பாக்கிவிடும். ரிப்போர்ட்டும் குழம்பும்.

* சில வகைப் பச்சை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். கருவாட்டில் உப்பு அதிகம். அதையே சாப்பாடாக்க வேண்டாம்.

* மீனோ சிக்கனோ, வெறும் சதை மட்டும் தினசரி முழுச் சாப்பாடு ஆகாது. கால்சியம் முதலானவை போதாது. பூனைக்கென்று தயாரித்த முழுமையான உணவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்றதை உபரியாகக் கொடுங்கள்.

* யூரின் சாம்பிள் கொடுக்கும்போது பூனையின் வயது, கருத்தடை ஆகிவிட்டதா, என்ன சாப்பிடுகிறது என்ற மூன்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த பிளஸ்ஸை அவர் எப்படிப் படிப்பார் என்பது இதைப் பொறுத்தது.

* பூனை அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் போவது, எடை குறைவது எல்லாம் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். கடுவன் பூனை மண் பெட்டியில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால், அது அவசரம். மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம். 'புரோட்டீன், இரண்டு பிளஸ்' என்ற வரிக்குப் பக்கத்தில் மூன்று விவரங்களை எழுதிப் பார்த்தால் போதும்: நாலு வயது, கருத்தடை செய்யாத கடுவன், தின்பது பெரும்பாலும் உலர் உணவு. இரண்டு பிளஸ்ஸில் எவ்வளவு காக்சின், எவ்வளவு நோய் என்று மருத்துவர் அடுத்த டெஸ்ட்டில் பிரித்துச் சொல்வார். அதுவரைக்கும் மீன் கிண்ணம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

தயிர் சாதத்தைப் பாட்டியே சாப்பிடலாம். பூனை வந்து ஒரு வாய் கேட்டால், நக்கிப் பார்க்க ஒரு துளி வைப்பதில் தப்பில்லை.